பத்தாவது வாசல்

உடம்பை ஒன்பது வாசல் கொண்ட வீடு என்று சொல்வது நம் வழக்கம். கண் இரண்டு, காது இரண்டு, நாசித் துளை இரண்டு, வாய் ஒன்று, கீழே இரண்டு. சித்தர் மரபில் தோய்ந்தவர்கள் பத்தாவதாகவும் ஒன்றைச் சொல்வார்கள். அது உச்சந்தலையில் இருக்கிறது. யோகம் கைகூடியவர்க்கே திறக்கும் என்பார்கள். எங்கள் தந்தைக்குத் திறந்த பத்தாவது வாசல் யோகத்தால் வந்ததல்ல. தொப்புளுக்கு இடப்புறம், சற்றுக் கீழே, 2022 ஆம் ஆண்டில் ஓர் அறுவை மருத்துவரின் கையால் திறக்கப்பட்டது. மருத்துவர்கள் அதை ஸ்டோமா என்கிறார்கள். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு வாய் என்று பொருள்.

இந்த வாசலைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் அந்தக் கதையைக் கல்யாணப் பந்தியில் அமர்ந்து விரிவாகச் சொல்கிறார். வயிற்றில் பை ஒட்டிக்கொண்டவரோ அந்தப் பந்திக்கு வருவதையே தவிர்க்கிறார். இரண்டும் உயிர் காத்த சிகிச்சைகள்தாம். ஒன்றுக்குப் பெருமை, மற்றதற்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, நாங்கள் பிள்ளைகள் மூவரும் தேடிப் படித்தவற்றையும், அப்படித் தேட நேர்ந்த காரணத்தையும் இங்கே சொல்ல முற்படுகிறோம். எங்களில் எவரும் மருத்துவர் அல்லர்.

அப்பா தையற்காரர். திண்டுக்கல்லில் நாற்பது ஆண்டுகள் கடை வைத்திருந்தவர். அவருக்கு மலக்குடலின் கடைசிப் பகுதியில், ஆசனவாயை இறுக்கும் தசையை ஒட்டிப் புற்றுக்கட்டி இருந்தது. கட்டி அவ்வளவு கீழே இருக்கும்போது தசையைக் காப்பாற்ற வழியில்லை என்றார்கள். லண்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் 1908 இல் விவரித்த சிகிச்சையின் இன்றைய வடிவமே அவருக்குச் செய்யப்பட்டது. மலக்குடலையும் ஆசனவாயையும் முற்றாக அகற்றி, பெருங்குடலின் அறுபட்ட முனையை வயிற்றுச் சுவர் வழியே வெளியே கொண்டுவந்து தோலோடு தைத்துவிடுவார்கள். இதற்குக் கொலாஸ்டமி என்று பெயர். அப்பாவுக்கு வைத்தது நிரந்தரமான கொலாஸ்டமி.

குடலை வயிற்றின் மேல் திறந்துவிடலாம் என்னும் எண்ணம் பழையது. பிறவியிலேயே மலவாய் அமையாமல் இறந்துபோன ஒரு சிசுவின் உடலைப் பாரிஸில் ஆராய்ந்த அலெக்சி லித்ரே, குடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்தால் இத்தகைய குழந்தைகள் பிழைக்கக்கூடும் என்று 1710 இல் சொன்னார். 1793 இல் பிரெஸ்ட் நகரில் துரே என்ற மருத்துவர், பிறந்து மூன்றே நாளான ஒரு குழந்தைக்கு அதைச் செய்து காட்டினார். அந்தக் குழந்தை வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்தது. மயக்க மருந்தும் கிருமிநாசினியும் அறியப்படாத காலத்தில் திறக்கப்பட்ட வாசல் அது.

வாசலைத் திறக்க அப்போதே வழி கண்டுவிட்டார்கள். ஆனால் வாசலைச் சுற்றியுள்ள சுவரை என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

வயிற்றுச் சுவர் ஒற்றைத் திரையல்ல. தோல், அதன் கீழே கொழுப்பு, பிறகு வெண்மையான உறுதியான தசையுறை, அதனடியில் நடுக்கோட்டின் இருமருங்கும் மேலிருந்து கீழாக ஓடும் நேர்தசை, அதன் பின்னே மீண்டும் ஓர் உறை, கடைசியாக வயிற்றறையின் மெல்லிய உட்சவ்வு. குடலையும் மற்ற உறுப்புகளையும் உள்ளே நிறுத்திவைப்பது இந்த அடுக்குகளின் வேலை. ஸ்டோமா அமைப்பது என்றால் இத்தனை அடுக்குகளையும் துளைத்து, அந்தத் துளையை ஆயுள் முழுவதும் மூடாமல் வைத்திருப்பது. துளை சிறிதாக இருந்தால் குடலுக்கு இரத்த ஓட்டம் தடைப்படும். பெரிதாக இருந்தால் குடலின் ஓரமாக, உள்ளே இருக்கும் வேறு குடல் வளையங்கள் தோலுக்கடியில் பிதுங்கி வரும். இந்தப் பிதுக்கமே ஸ்டோமாவை ஒட்டிய குடலிறக்கம். ஒரு முறை விரியத் தொடங்கிய துளை மேலும் விரிவதும் எளிது. ஏனெனில் அழுத்தம் மாறாதபோதும், விட்டம் கூடக்கூட விளிம்பின் மீதான இழுவிசை கூடுகிறது. இருமல், தும்மல், எழுந்து நிற்றல் ஒவ்வொன்றும் அந்த விளிம்பை இழுத்துக்கொண்டே இருக்கின்றன.

அப்பாவுக்குச் சிகிச்சை முடிந்த பதினான்காம் மாதத்தில் அந்தப் பிதுக்கம் தென்பட்டது. முதலில் ஓர் எலுமிச்சை அளவு, படுத்தால் மறைந்துவிடும். ஆறு மாதத்தில் ஆரஞ்சு அளவுக்கு வந்தது. வலி அதிகமில்லை, துன்பம் பையினால் வந்தது. சிகிச்சை பெற்ற தன் சகோதரியின் நிலை கண்டு, எலீஸ் சோரன்சன் என்ற டேனிஷ் செவிலியர் 1954 இல் யோசித்துக் கண்டதே தோலில் ஒட்டிக்கொள்ளும் பை. அது தட்டையான தோலை நம்பியது. தோல் குன்றுபோல் எழும்பினால் ஒட்டு விளிம்பு விலகும், கசியும். கசிவுக்கு அஞ்சி அப்பா வெளியூர்ப் பயணத்தை நிறுத்தினார். பிறகு கடைக்குப் போவதையும் நிறுத்தினார்.

அதைவிட எங்களை வருத்தியது, வீட்டில் எழுந்த ‘யாரால்’ என்ற கேள்வி. தீபாவளி நெருங்கிய ஒரு நாளில் அப்பா தையல் மெஷினின் தலைப்பகுதியைத் தூக்கி இடம் மாற்றி வைத்திருந்தார். “அன்னைக்கு அதைத் தொடாம இருந்திருந்தா இந்த வினை வந்திருக்காது” என்று அம்மாவிடம் அவரே சொல்லத் தொடங்கினார். வந்த உறவினர்களும் அதையே வழிமொழிந்தார்கள். எங்களில் மூத்தவருக்கோ மருத்துவர் மேல் கோபம். துளையைச் சுற்றி மெஷ் வைத்துத் தைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது, காசைப் பார்த்தோ சோம்பலாலோ வைக்காமல் விட்டுவிட்டார்கள் என்பது அவர் வாதம். மருத்துவமனைக்குப் போய்ச் சண்டையிடவும் ஆயத்தமானார். எங்களில் இளையவள்தான், “முதல்ல படிச்சுப் பார்ப்போம் அண்ணா” என்று நிறுத்தினாள். அங்கிருந்துதான் நாங்கள் மருத்துவ ஆய்வுகளுக்குள் நுழைந்தோம்.

முதலில் கண்ணில் பட்டதே எங்களை உட்காரவைத்தது. ஐரோப்பியக் குடலிறக்கச் சங்கத்தின் 2018 ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஸ்டோமா வைத்தவர்களில் ஓராண்டுக்குள் 30 விழுக்காட்டிற்கும் மேலானவர்க்கும், இரண்டாண்டுக்குள் 40 விழுக்காட்டிற்கும் மேலானவர்க்கும், அதற்குப் பின் பாதிப் பேருக்கும் அதற்கு மேலும் இக்குடலிறக்கம் வருகிறது என மதிப்பிடுகிறது. இரண்டில் ஒருவருக்கு வருவதை, தீபாவளிக்கு முன் ஒரு நாள் தூக்கிய மெஷினோடு மட்டும் முடிச்சுப் போட முடியாது.

அடுத்த கேள்வி, வராமல் தடுக்கும் முறை ஏதேனும் உண்டா என்பது. அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாக நான்கு வழிகளில் முயன்றிருக்கிறார்கள்.

முதலாவது, இடம். நேர்தசையின் ஊடாகத் துளையிட்டால், தசையே காவலாக நின்று குடலைப் பிடித்துக்கொள்ளும் என்பது எண்ணம். 1988 இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஓர் ஆய்வு இதற்குப் பெரும் வலுச் சேர்த்தது. தசையின் ஊடாக வைத்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும், தசைக்குப் பக்கவாட்டில் வைத்தவர்களில் 21.6 விழுக்காட்டினருக்கும் குடலிறக்கம் கண்டது. ஆனால் அது முன்னரே நடந்து முடிந்த சிகிச்சைகளைத் திரும்பிப் பார்த்த கணக்கு. ஜெர்மனியின் மான்ஹைமில் தற்காலிகச் சிறுகுடல் ஸ்டோமா வைத்துக்கொண்ட 60 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்து 2016 இல் வெளியிட்டபோது, இரு இடங்களுக்குமிடையே வேறுபாடு தெரியவில்லை.

இரண்டாவது, பாதை. குடலை நேராக வெளியே கொண்டுவராமல், வயிற்றறையின் உட்சவ்வுக்கும் தசைக்கும் இடையே ஒரு சுரங்கம் அமைத்துச் சரிவாகக் கொண்டுவருவது. லீட்ஸ் நகரத்து ஜான் கோலிகர் 1958 இல் இதை எழுதினார். நேரே திறக்கும் கதவைவிட வளைந்து செல்லும் நடையில் நுழைவது கடினம் என்ற எளிய தர்க்கம். பிற்காலத் தொகுப்பாய்வுகள் இம்முறைக்குச் சாதகமாகவே பேசுகின்றன. எனினும் அவற்றில் பல, குலுக்கல் முறையில் நடத்தப்படாத ஆய்வுகளைச் சேர்த்துக்கொண்டவை.

மூன்றாவது, துளையின் அளவும் வடிவும். 2010 இல் வெளியான ஓர் ஆய்வு, துளை ஒவ்வொரு மில்லிமீட்டர் கூடும்போதும் குடலிறக்கத்திற்கான வாய்ப்பு 10 விழுக்காடு கூடுவதாகக் கண்டது. வடிவத்திலோ இரு பழக்கங்கள் உண்டு. தசையுறையில் கூட்டல் குறிபோல் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுவது ஒன்று. வட்டமாக ஒரு வில்லையை வெட்டி எடுத்துவிடுவது மற்றொன்று. இதை அப்பாவிடம் சொன்னபோது முதன்முறையாக அவர் முகத்தில் ஆர்வத்தைக் கண்டோம். காஜா எடுப்பதில் வாழ்நாள் கழித்தவர் அல்லவா. “குறுக்கு வெட்டுல மூலை பிரியும். வட்டந்தான் நிக்கும்” என்றார், சிறிதும் தயங்காமல்.

நான்காவது, மெஷ். பாலிபுரொப்பிலீன் இழையால் பின்னிய சல்லடை போன்ற துணியைத் தசைக்குப் பின்னே பரப்பி, அதன் நடுவே குடலைக் கொண்டுவருவது. காலருக்குள் கான்வாஸ் வைப்பதுபோல என்று அப்பா இதையும் உடனே பிடித்துக்கொண்டார். மெஷ்ஷின் கதை நம்பிக்கையோடுதான் தொடங்குகிறது. ஸ்வீடனில் 54 பேரைக் கொண்டு நடந்த முதல் குலுக்கல் சோதனை 2004 இல் வெளியானது. ஐந்தாண்டு கழித்துப் பரிசோதித்தபோது மெஷ் இல்லாத 21 பேரில் 17 பேருக்குக் குடலிறக்கம். மெஷ் வைத்த 15 பேரில் இருவருக்கு மட்டுமே. 2017 இல் வந்த நெதர்லாந்துச் சோதனையிலும் ஓராண்டு முடிவில் மெஷ் உள்ளவர்களில் 4.5 விழுக்காடு, இல்லாதவர்களில் 24.2 விழுக்காடு. ஐரோப்பிய வழிகாட்டுதல் நிரந்தரக் கொலாஸ்டமிக்கு மெஷ்ஷைப் பரிந்துரைத்ததில் வியப்பில்லை. எங்கள் மூத்தவர் இந்த எண்களைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆனால் அவரை மேலும் படிக்கச் சொன்னோம். ஸ்வீடனிலேயே இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்து 2019 இல் வெளியான பெரிய சோதனையில், ஓராண்டு முடிவில் மெஷ்ஷால் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. பிரான்சில் 18 மருத்துவமனைகளில் 200 பேருக்குச் செய்து 2021 இல் வெளியிட்ட சோதனையில், இரண்டாண்டு முடிவில் மெஷ் உள்ளவர்களில் 28 விழுக்காடு, இல்லாதவர்களில் 31 விழுக்காடு. இந்த இடைவெளி தற்செயலாகவே வரக்கூடியது.

அதே 2021 இல், எங்கள் வீட்டு வழக்கிற்கென்றே நடத்தியதுபோன்ற ஒரு சோதனையின் முடிவும் வெளிவந்தது. ஸ்டோமா-கான்ஸ்ட் என்பது அதன் பெயர். ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் நிரந்தரக் கொலாஸ்டமி தேவைப்பட்ட 209 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குக் கூட்டல் குறி வெட்டு. மற்றொரு பிரிவினருக்கு வட்ட வெட்டு. மூன்றாம் பிரிவினருக்கு மெஷ். ஓராண்டு கழித்து நேரிலும் சி.டி. ஸ்கேனிலும் பரிசோதித்தார்கள். மூன்றுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஒரே கேள்விக்கு இத்தனை மாறுபட்ட விடைகள் ஏன்? ஒரு காரணம் அளவுகோல். குடலிறக்கம் என்று எதைச் சொல்கிறோம்? மருத்துவர் கைவைத்து உணர்வதையா, ஸ்கேனில் மட்டும் தெரிவதையா? படுத்திருக்கையில் உள்ளே போய்விடுவது, நின்று இருமும்போது வெளிவரும். மற்றொரு காரணம் காலம். ஓராண்டில் வராதது ஐந்தாண்டில் வரும். மூன்றாவது, நோயாளிகளின் உடல். வயது, பருமன், நாட்பட்ட இருமல் ஆகியவை ஒவ்வொரு சோதனையிலும் வெவ்வேறு விகிதத்தில் கலந்திருக்கும். 2023 இல் வந்த புதிய ஐரோப்பிய வழிகாட்டுதலும் மெஷ்ஷைக் கைவிட்டுவிடவில்லை. ஆனால் முன்னர் உறுதியாகச் சொன்னதை நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரையாக இறக்கிக்கொண்டது. ஆயுள் நீளும் என எதிர்பார்க்கத்தக்க நோயாளியிடம் பேசி முடிவெடுக்க வேண்டிய ஒன்று என்ற அளவில் அது நிற்கிறது.

‘வேறுபாடு இல்லை’ என்ற முடிவை நாம் பொதுவாக விடையாகக் கொள்வதில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்ததாக நினைக்கிறோம். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னே எத்தனை உழைப்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். இருநூற்றுச் சொச்சம் பேர், புற்றுநோயின் அச்சத்தில் இருந்தபோதும், தம் வயிற்றில் எந்த வெட்டு விழும் என்பதைக் குலுக்கலுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். தம் கைப்பழக்கமே சிறந்தது என்று நம்பியிருக்கக்கூடிய மருத்துவர்கள், அந்த நம்பிக்கையைச் சோதனைக்கு ஒப்படைத்திருக்கிறார்கள். இறுதியில் எவருடைய முறையும் வெல்லவில்லை என்பதை மறைக்காமல் அச்சிட்டிருக்கிறார்கள்.

அந்த முடிவு எங்கள் வீட்டில் இரண்டு பேரை விடுவித்தது. மூத்தவர் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துக் கிழிக்கவில்லை. அதன் கீழே புதிய எண்களையும் எழுதிக்கொண்டார். மருத்துவமனைக்குப் போனார், சண்டையிட அல்ல. மெஷ் வைப்பதில்லை என்று ஏன் முடிவெடுத்தீர்கள் என்று கேட்டார். வைத்தாலும் வைக்காவிட்டாலும் வரக்கூடும் என்று அன்று நினைத்ததாகவும், அதைச் சிகிச்சைக்கு முன்பே குடும்பத்தாரிடம் விளக்கியிருக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். அந்தப் பின்பாதி வாக்கியம் போதுமானதாக இருந்தது.

அப்பாவிடம் ஸ்டோமா-கான்ஸ்ட்டின் முடிவைச் சொன்னோம். வட்டமும் குறுக்கும் ஒன்றுதானாம் அப்பா, உங்கள் கணக்கு பலிக்கவில்லை என்றோம். நெடுநேரம் யோசித்துவிட்டு, “துணி வெட்டுன இடத்துல சும்மா கெடக்கும். வயிறு மூச்சு விடுதே” என்றார். பிறகு, “அப்ப மெஷினைத் தூக்குனது இல்லையா காரணம்?” என்று கேட்டார். எடை தூக்காமலிருப்பது நல்ல எச்சரிக்கைதான், ஆனால் எதையும் தூக்காதவர்களுக்கும் வந்திருக்கிறது என்றோம். அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பின் அந்த மெஷின் பேச்சு வீட்டில் எழவில்லை.

வந்துவிட்ட குடலிறக்கத்தைச் சரிசெய்யவும் வழிகள் உண்டு. அமெரிக்க அறுவை மருத்துவர் பால் சுகர்பேக்கர் 1985 இல் எழுதிய முறையில், குடலைப் பக்கவாட்டில் திருப்பி, வயிற்றின் உட்புறமிருந்து மெஷ்ஷால் போர்த்திவிடுகிறார்கள். ஆயினும் மறுபடியும் வருவதற்கான வாய்ப்பு எந்த முறையிலும் முற்றாக நீங்குவதில்லை. அடைப்போ கடும் வலியோ இல்லாதபோது பொறுத்திருக்கலாம் என்றார் மருத்துவர். பொறுத்திருப்பது என்று அப்பா முடிவுசெய்தார். ஸ்டோமா செவிலியர் அவருக்கு ஒரு தாங்கு பெல்ட்டைப் பரிந்துரைத்தார். எழுவதற்கு முன், படுத்த நிலையிலேயே அணிய வேண்டும் என்று கற்பித்தார். வாங்கிய பெல்ட்டை அப்பா இரண்டு நாள் புரட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் அதே அளவில், பைக்கு மட்டும் வட்டத் திறப்பு விட்டு, ஓரத்தில் கான்வாஸ் வைத்து இன்னொன்று தைத்தார். செவிலியர் அதை அணிவித்துப் பார்த்து, திறப்பு குடலை இறுக்கவில்லை என்று உறுதி செய்தபின் அதையே அணிகிறார். பிதுக்கம் போகவில்லை. பை கசிவது பெருமளவு குறைந்துவிட்டது. காலையில் இரண்டு மணி நேரம் கடைக்குப் போய் வருகிறார்.

இப்போது தெரிந்தவர் வீடுகளில் இத்தகைய சிகிச்சை என்று கேள்விப்பட்டால், கூச்சம் பாராமல் நாங்களே போய்ப் பேசுகிறோம். முதலில் சொல்வது, இடத்தைச் சிகிச்சைக்கு முன்பே குறித்துவிடச் சொல்லுங்கள் என்பது. படுக்கவைத்து மட்டும் குறித்தால் போதாது. உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்து, வேட்டி முடிச்சோ புடவைக் கொசுவமோ எங்கே வருகிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். அடுத்து, மெஷ் வைப்பீர்களா, வைக்காவிட்டால் ஏன் என்று மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள். இரண்டு விடைக்கும் நியாயம் இருக்கலாம், காரணம் தெரிந்திருப்பது நல்லது. நாட்பட்ட இருமல் இருந்தால் முன்னதாகவே அதற்கு மருத்துவம் பாருங்கள். பிதுக்கம் திடீரென்று இறுகி, வலித்து, வாந்தியும் வந்து, பையில் ஒன்றும் இறங்காமல் போனால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்றையும் சொல்லிவிட்டு வருகிறோம். இத்தனைக்கும் பிறகு குடலிறக்கம் வந்தால், அன்றைக்கு எதைத் தூக்கினாய் என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.